அழுத்தித் தேய்த்தால் பல்தான் தேயும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல் சுத்தமாக வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலேயே பல்லைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பிரஷைக் கைமுட்டிக்குள் இறுகப் பிடித்து, மரம் அறுப்பதுபோல் குறுக்கே இழுக்கிறார்கள். இந்த அழுத்தத்தால் ஒரு பயனும் இல்லை. பல்லில் அன்றாடம் படியும் அழுக்குப் படலம் மிக மென்மையானது. பிரஷ் லேசாகப் பட்டாலே போய்விடும். அது இறுகிக் காரையாகிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் வராது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

முதலில் அடிபடுவது ஈறோரம். ஈறு விலகியதும், எனாமல் என்ற கடினமான மேலுறை இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரியும். எனாமலைவிட மிருதுவான அந்த இடம் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும். நகத்தால் ஈறை நோக்கி மெல்ல வருடினால், சிலருக்கு அந்தப் பள்ளத்தில் நகம் மாட்டும். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரெனக் கூசுவதும் இதனால்தான். கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பற்களும் வரிசை வளையும் இடத்தில் துருத்தி நிற்பதால் அதிகம் தேய்கின்றன. தேய்ந்த எனாமல் மறுபடி வளராது, விலகிய ஈறும் தானாகப் பழைய இடத்துக்கு வராது.

‘சாஃப்ட்’ என்று போட்ட பிரஷ் போதும். பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்தாலே அழுத்தம் குறைந்துவிடும். இழைகளை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பற்களாகச் சிறு அசைவில் தேய்த்து, ஈறிலிருந்து பல்முனை நோக்கி வழித்துவிட வேண்டும். காலையும் இரவும் 2 நிமிடம். மின்சார பிரஷ் என்றால் கையை ஆட்டவே வேண்டாம், பல்லுக்குப் பல் நகர்த்தினால் போதும்.

புளிப்பான எதையும் சாப்பிட்டவுடன் துலக்காதீர்கள். அமிலத்தால் எனாமல் இளகியிருக்கும்; வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுப்பது நல்லது. வெண்மைக்கென்று விற்கும் கரித்தூள் பேஸ்ட்டும் சொரசொரப்பான பொடியும் கூச்சம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பிரஷை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குள்ளேயே இழைகள் வெளிப்பக்கம் விரிந்துவிட்டால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். ரத்தம் கசிகிறதே என்று பயந்து ஈறோரத்தைத் தொடாமல் விடுபவர்களும் உண்டு. அழுக்குத் தங்கினால் கசிவு கூடத்தான் செய்யும். மென்மையாகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்