'டேப்' ஒன்றல்ல, இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பகுதியில் ஆங்கிலச் சொல் விளக்கங்களைத் தாங்கள் வெளியிட்டு வருவது பாராட்டுக்குரியது. ஆனால், 'டேப்' (tap) என்ற வினைச்சொல்லுக்கு 'மெதுவாகத் தட்டுதல்' என்று பொருள் கூறி, ரப்பர் மரத்தில் பால் எடுப்பதும் மரத்தைத் தட்டுவதிலிருந்து வந்த வழக்கே என்று அண்மையில் எழுதியிருந்தது பிழை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊர் சுங்கை சிப்பூட்டில் இதைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். தட்டினால் எந்த மரமும் பால் தராது.

ஒரே எழுத்துக்கோவையில் ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் உள்ளன. டோல் சாவடியில் அட்டையைத் தட்டுவதும் தோளில் தட்டிக் கூப்பிடுவதும் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ஒன்று. (நம் 'தட்டு'தான் அங்கே போனது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், ஓசை ஒப்புமை உறவாகிவிடாது.) மற்றொன்று பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. பீப்பாயின் துளையை அடைக்கும் ஆப்புக்கு 'டேப்பா' என்று பெயர். அதை விலக்கி மதுவை வடிப்பதே அந்த வினை. தண்ணீர்க் குழாய்க்கு 'டேப்' என்ற பெயரும் இந்த வழியில் வந்ததுதான். தென்னையில் கள் இறக்குவதற்கும் ஆங்கிலேயர் இதே வினையை வைத்தார்கள்.

ரப்பருக்கு அது இன்னும் பொருத்தம். வெட்டிய கோட்டில் சில மணி நேரம் வடிந்த பால், பிறகு பால்குழல்களின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வெட்டுபவர் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, உள்ளே மரத்தில் கத்தி படாமல், பட்டையை மட்டும் மெல்லியதாக ஒரு சீவு சீவியதும் அடைப்பு நீங்கிப் பால் மீண்டும் வடிகிறது. மரத்தைக் கண்டபடி கொத்தாமல், பழைய வெட்டையே இவ்வாறு திரும்பத் திறக்கும் முறையை 1890களில் வகுத்தவர், சிங்கப்பூர்ப் பூமலையின் (தாவரவியல் பூங்காவின்) இயக்குநராக இருந்த ரிட்லி. இப்படிப் பால் எடுப்பதை நாம் கத்தியின் வேலையைப் பார்த்து 'மரம் வெட்டுவது' என்கிறோம். மலாய்க்காரர்கள் கீறுவதைக் குறிக்கும் 'தோரே' என்கிறார்கள். ஆங்கிலம் வடிவதைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறது.

எனவே, திருத்தம் வெளியிடும்போது அகராதிகளில் உள்ளதைப் போல இரண்டையும் தனித்தனிப் பதிவாகத் தர வேண்டுகிறேன். தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கு வழங்கும் 'டேப்' என்பதையும், கம்பியில் ஓடும் பேச்சை இடையில் வடித்தெடுப்பதால், பீப்பாய் வினையின் கீழ்தான் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்பூட், பேராக்