புலிட்சர் பரிசுக் குழுவுக்கு: மேரி லூ வில்லியம்ஸ் இன்னும் உங்கள் பட்டியலில் இல்லை

புலிட்சர் பரிசுக் குழுவினருக்கு வணக்கம்.

காலமான இசைக் கலைஞர்களுக்குச் சிறப்பு விருது வழங்கும் வழக்கம் உங்களிடம் உண்டு. ஸ்காட் ஜாப்லினுக்கு 1976இல் கொடுத்தீர்கள். கெர்ஷ்வினுக்கு 1998, ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனுக்கு 1999, ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்குக்கு 2006, ஜான் கோல்ட்ரேனுக்கு 2007. இந்த வரிசையில் ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான மேரி லூ வில்லியம்ஸையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எலிங்டன் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1965இல் உங்கள் இசை நடுவர்களே அவருக்குச் சிறப்பு விருது தரச் சொன்னார்கள். குழு மறுத்தது. மூன்று நடுவர்களில் இருவர் விலகினார்கள். சின்ன வயதிலேயே நான் அதிகம் புகழ் பெற்றுவிடக் கூடாது என்று விதி நினைக்கிறது என்று 66 வயது எலிங்டன் கிண்டலடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்துத்தான் உங்களுக்கு மனம் வந்தது. மேரி லூ என்றைக்கும் இன்றைய காலத்துக்காரர் என்று சொன்னதும் இதே எலிங்டன்தான்.

அட்லாண்டாவில் 1910இல் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர் மேரி லூ. பதின்ம வயதிலேயே ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்தார். கணவர் சாக்ஸபோன் வாசித்த குழுவில் இவருக்கு முதலில் இடம் இல்லை. துல்சாவில் அமரர் ஊர்தி ஓட்டினார். 1929இல் ஆண்டி கர்க் தலைமையிலான அதே குழுவின் ஒலிப்பதிவுக்குப் பியானோக்காரர் வராமல் போக, இவரை உட்கார வைத்தார்கள். பிறகு அந்தக் குழுவின் முக்கியமான இசைக்கோர்ப்புகள் இவர் கையிலிருந்தே வந்தன. பென்னி குட்மேனுக்கு 'ரோல் எம்', எலிங்டனுக்கு 'ட்ரம்பெட் நோ எண்ட்' என்று அடுத்தவர் குழுக்களுக்கும் எழுதிக் கொடுத்தார். மேடையில் பெயர் வாங்கியவர் ஒருவர், உள்ளே உட்கார்ந்து எழுதியவர் இன்னொருவர். நம்மூர் சினிமா இசைக்கும் இது புதிதல்ல.

நீங்கள் கௌரவித்த மாங்கிடமே வருகிறேன். கர்க் குழுவுக்காக மேரி லூ எழுதிய 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' 1936இல் இசைத்தட்டாக வந்தது. அதன் நடுவே ஒரு சின்னச் சங்கதி துள்ளிக்கொண்டு வந்து போகும். 1957இல் மாங்க் பதிவு செய்த 'ரிதம்-அ-னிங்' எப்படித் தொடங்குகிறது என்று கேளுங்கள். அதே சங்கதி! மாங்க் திருடினார் என்று சொல்லவில்லை. ஜாஸில் கொடுக்கல் வாங்கல் சகஜம். ஆனால் வாங்கியவருக்கு விருது கொடுத்த நீங்கள் கொடுத்தவரை விட்டுவிட்டீர்கள். நாற்பதுகளில் ஹார்லெமில் இவர் வீட்டுக் கூடத்தில் மாங்க், பட் பவல், டாட் டேமரன், டிஸி கில்லெஸ்பி எல்லாரும் வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். இவர் தலைமுறையில் பலர் அன்று புதிதாக வந்த ஜாஸ் பாணியான பீபாப்பைக் கண்டு முகம் சுளித்தபோது, வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர் இவர்.

இசையமைப்பாளராக இவர் செய்ததில் எனக்கு முதன்மையானது 'ஸோடியாக் ஸூட்'. பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு பகுதி. அந்தந்த ராசியில் பிறந்த கலைஞர்களுக்குக் காணிக்கை. (ராசி பார்ப்பதில் நாம்தான் முன்னணி என்று நினைத்திருந்தேன்.) மேஷம் பில்லி ஹாலிடேவுக்கும் பென் வெப்ஸ்டருக்கும், ரிஷபம் எலிங்டனுக்கு, துலாம் மாங்க் கூட்டத்துக்கு. 1945 டிசம்பர் 31 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவோடு இதை மேடையேற்றினார். 1946இல் உங்கள் இசைப் பரிசு லியோ சோவர்பிக்குப் போனது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஜாஸ்காரர் ஒருவரின் படைப்பு அன்று உங்கள் மேசைக்கே வந்திருக்காது.

இசைக்கான முதன்மைப் பரிசை ஒரு பெண் முதலில் வாங்கியது 1983இல். கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கியது 1996இல். ஜாஸ் படைப்புக்குக் கிடைத்தது 1997இல். மேரி லூ 1981 மே மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று கதவுகளும் அவர் காலத்தில் சாத்தித்தான் இருந்தன.

அவர் சும்மாவும் இருந்துவிடவில்லை. 1954இல் பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்த மேடையை விட்டு எழுந்து போனார். கத்தோலிக்கரானார், போதையில் சிக்கிய இசைக் கலைஞர்களுக்காகப் பழைய பொருள் கடை நடத்தினார், திரும்பி வந்து திருப்பலிக்கு ஜாஸில் இசை எழுதினார். அந்த இசை 1975இல் நியூயார்க் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. 1977இல், அவருக்கும் 66 வயது இருக்கும்போது, கார்னகி ஹாலில், கட்டற்ற ஜாஸ் வாசிக்கும் பியானோக்காரர் செசில் டெய்லரோடு சேர்ந்து வாசித்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்த கச்சேரி அது. எனக்கே முழுதாகப் பிடிக்காது. ஆனாலும் அந்த வயதில் அப்படியொரு வம்பை விலை கொடுத்து வாங்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

2019இல் மறைந்த பாடகி அரேதா ஃபிராங்க்ளினுக்குச் சிறப்பு விருது தந்தீர்கள். எனவே பரிசு விதிமுறை இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்தில் மேரி லூ பெயரை எடுங்கள். நூற்றாண்டு, நினைவு ஆண்டு என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். விருதுக் குறிப்பில் 'ஜாஸின் முதல் பெண்மணி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பியானோ கலைஞர், இசையமைப்பாளர், இசைக்கோர்ப்பாளர் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஜாஸ் கேட்கும் ஒரு தமிழ் ரசிகன்