முழுதாக மீளாத சமநிலை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நீயும் வீட்டாரும் நலமென நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டித் தீர்க்கலாம், ஆனால் முதலில் இதைப் படித்துவிடு. முதலாமாண்டு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதைக் கேட்கும் பொறுமை உனக்கு மட்டுமே உண்டு.

முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் சமநிலையில் உள்ள அமைப்பின்மீது திணிக்கப்படும் மாற்றத்தை அந்த அமைப்பே நீக்கிவிடும் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். லீ சாட்லியர் 1884இல் சொன்னது அதுவன்று. மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்பதே அவர் கோட்பாடு. பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்று மற்றொன்றாக மாறியபடியே கலந்திருக்கும் வாயுவை நாம் சிரிஞ்சில் அடைத்து அழுத்தியபோது, நிறம் சட்டென்று அடர்ந்து பிறகு சற்றே வெளிறியதும், பக்கவாட்டில் பார்க்கையில் பழைய நிறத்துக்கு அது திரும்பாததும், நம் ஆய்வகத்துப் பியூரெட் அண்ணன் அதனோடு சண்டைக்கே போனதும் உனக்கு மறந்திருக்காது. திரும்ப வழியே இல்லை. வெப்பநிலை மாறாதவரை சமநிலை மாறிலியும், அதாவது சமநிலையில் இவ்விரண்டின் செறிவுகளைப் பிணைக்கும் விகிதமும், மாறாது. ஆகவே டை ஆக்சைடின் செறிவு பழைய அளவுக்கு இறங்கினால் டெட்ராக்சைடின் செறிவும் பழைய அளவிலேயே இருந்தாக வேண்டும். அதே அளவு வாயுவைப் பாதிக் கனஅளவில் அடைத்துவிட்டு அதை எப்படி எதிர்பார்ப்பது?

அமிலமோ காரமோ சிறிது சேர்த்தாலும் அமிலத்தன்மை அதிகம் மாறாத தாங்கல் கரைசலுக்கு வந்தால் இந்தக் குழப்பம் இன்னும் முற்றுகிறது. அதன் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண் (அமிலம் கூடினால் இது குறையும்), மாறவே மாறாது என்கிறார்கள். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிடேட்டும் தலா 0.10 மோல் உள்ள ஒரு லிட்டர் கரைசலின் பிஎச் 4.76. அதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், அசிடேட் அயனி அதை ஏற்று 0.09 மோலாகக் குறைய, அசிட்டிக் அமிலம் 0.11 மோலாக உயர, பிஎச் 4.67க்கு இறங்குகிறது. தூய நீராக இருந்திருந்தால் 7இலிருந்து 2க்கு விழுந்திருக்கும். இறக்கம் சிறியதுதான், ஆனால் இறக்கம் இருக்கிறது. அந்தத் தாங்கலையே பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்; பிஎச் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஆனால் அதில் ஒரு லிட்டரை எடுத்து அதே அளவு அமிலத்தைச் சேர்த்தால் அசிடேட் முழுதும் தீர்ந்து பிஎச் 3.2 அளவுக்குச் சரிந்துவிடும். கணக்கை நம்பமாட்டாய் என்று தெரியும். அந்தக் கிழட்டுக் கணிப்பானை எடுத்துச் சரிபார்.

விளையாட்டு போதும். மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்பதற்கு பைகார்பனேட் தாங்கல் மட்டும் காரணமில்லை. நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டே இருப்பதும், சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சரிக்கட்டுவதும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. தாங்கலுக்கு எல்லை உண்டு என்பதையே அறியாத மாணவனுக்கு, இரத்தத்தில் அமிலம் மிகும்போது நோயாளிக்கு ஏன் மூச்சு வேகமாகிறது என்பது எப்படிப் புரியும்?

அடுத்த பருவத்தில் லீ சாட்லியர் கோட்பாட்டை ஒத்திவைத்து, வினை குணகத்தையும் (எந்தக் கணத்திலும் உள்ள செறிவுகளின் அதே விகிதம்) சமநிலை மாறிலியையும் ஒப்பிடுவதிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். நீ எந்த வரிசையில் நடத்துகிறாய் என்று எழுது. உன் பழைய வினாத்தாள்களையும் அனுப்பு, கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வக மேசைக்காரன்