வரியை எடுத்துடலாம், போன வியாபாரம் திரும்ப வருமா?

எல்லா நாட்டு வர்த்தக அமைச்சர்களுக்கும், ஒப்பந்தம் பேசுற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். "பேச்சுவார்த்தையில நம்ம கை ஓங்கணும், அதுக்காகத்தான் இந்த இறக்குமதி வரி, அவங்க இறங்கி வந்ததும் எடுத்துடுவோம்"னு ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. வரியை எடுக்க ஒரு கையெழுத்து போதும், அது உண்மைதான். ஆனா அந்த ரெண்டு மூணு வருஷத்துல வாங்குறவங்க வேற நாட்டைத் தேடிப் போயிடறாங்க, அந்த நாடும் அவங்களை நம்பி நிலம், ரோடு, துறைமுகம்னு காசைக் கொட்டிடுது, அப்புறம் நீங்க வரியை எடுத்தாலும் அந்த வியாபாரம் பழைய இடத்துக்கு வர்றதில்ல. இதை நீங்க கணக்குல எடுத்துக்கறதே இல்லையேங்கிற ஆதங்கத்துலதான் எழுதறேன்.

சோயாவையே எடுத்துக்கங்க. 2018 ஜூலையில சில சீனப் பொருளுங்க மேல அமெரிக்கா 25% வரி போட்டுச்சு, பதிலுக்கு சீனா அமெரிக்க சோயா மேல 25% போட்டுச்சு. 2017ல சுமார் 1,200 கோடி டாலருக்கு சீனாவுக்குப் போன சோயா, 2018ல சுமார் 300 கோடி டாலருக்கு இறங்கிடுச்சு. நஷ்டப்பட்ட விவசாயிங்களுக்காக அமெரிக்க அரசு ரெண்டு வருஷத்துல 2,800 கோடி டாலர் வரைக்கும் உதவி அறிவிக்க வேண்டி வந்துச்சு. 2020 ஜனவரியில ரெண்டு நாட்டுக்கும் நடுவுல முதல் கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகி சீனாவும் திரும்ப வாங்க ஆரம்பிச்சது, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்குள்ள பிரேசில் எங்கேயோ போயிடுச்சு. அங்க சோயா அதிகமா விளையற மாட்டோ குரோஸோ மாநிலத்து சோயாவை வடக்குல இருக்கற ஆத்துத் துறைமுகங்களுக்குக் கொண்டு போற பிஆர்-163 ரோட்டுல தார் போடாம கிடந்த பகுதியை 2020லதான் முடிச்சாங்க. அந்த வேலை இந்த வரிக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சதுதான், ஆனா ரோடு ரெடியாகற நேரம் பாத்து சந்தையும் கைக்கு வந்தா யாரு விடுவாங்க? 2024ல சீனா இறக்குமதி பண்ண சோயாவுல பத்துல ஏழு பங்கு பிரேசிலோடது, அமெரிக்காவோட பங்கு அஞ்சுல ஒண்ணுதான்.

எல்லாமே இப்படி நிரந்தரமா போயிடறதில்லன்னும் சொல்லணும். ஆஸ்திரேலிய பார்லி மேல சீனா 2020 மே மாசம் மொத்தமா 80.5% வரி போட்டுச்சு, 2023 ஆகஸ்ட்ல எடுத்துச்சு, பார்லியும் திரும்ப சீனாவுக்குப் போக ஆரம்பிச்சுது. நடுவுல அது சவுதி அரேபியா மாதிரி நாடுகளுக்குப் போச்சு, சீனா பிரான்ஸ், கனடான்னு வேற இடத்துல வாங்குச்சு. ஏற்கனவே இருக்கற வியாபாரிங்களுக்குள்ள சரக்கு கைமாறினா அது திரும்ப வரும், புதுசா முதலீடு இறங்கிட்டா வராது, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் வித்தியாசம் இதுதான்.

இன்னொண்ணு, இறக்குமதிப் புள்ளிவிவரத்துல ஒரு நாட்டோட பங்கு குறைஞ்சதை வெச்சு ஜெயிச்சுட்டோம்னு அறிக்கை விடாதீங்க. 2023ல சீனாவைத் தாண்டி மெக்சிகோ அமெரிக்காவுக்கு அதிகமா சரக்கு அனுப்புற நாடாச்சு, வியட்நாமும் வேகமா வளந்துச்சு. ஆனா வியட்நாம் ஃபேக்டரிங்களுக்குப் போற பார்ட்ஸ்ல பெரிய பங்கு சீனாவுலேருந்துதான் வருது. பில்லுல நாட்டோட பேரு மாறுது, வழி நீளுது, அந்தச் செலவு கடைசியில வாங்குறவங்க தலையிலதான் விழுது.

ஒப்பந்தமும் இதே வேலையைத்தான் செய்யும். ரெண்டு நாடு தங்களுக்குள்ள வரியைக் குறைச்சுக்கிட்டா, வெளியில நிக்கற மூணாவது நாடு நல்ல பொருளை மலிவா குடுத்தாலும் தள்ளப்பட்டுடும், இதைப் பொருளாதார நிபுணர் ஜேக்கப் வைனர் 1950லயே தெளிவா எழுதிட்டாரு. 1973ல பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்துல (இன்னைக்கு ஐரோப்பிய யூனியனா இருக்கறதோட முன்னோடி) சேந்தப்போ நியூசிலாந்து வெண்ணெய்க்கும் ஆட்டுக்கறிக்கும் அந்த நிலைமைதான். ஆனா அங்க ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு, 1971லயே பேசி வெண்ணெய், சீஸ் ரெண்டையும் கொஞ்ச வருஷம் பிரிட்டனுக்குத் தொடர்ந்து அனுப்ப இடைக்கால ஏற்பாடு பண்ணாங்க, அந்த அவகாசத்துல நியூசிலாந்து வேற சந்தைகளைத் தேடுச்சு, 2008ல சீனாவோட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்ட முதல் வளர்ந்த நாடும் அதுதான். கஷ்டமே இல்லாம நடந்துச்சுன்னு சொல்ல வரல, ஆனா ராத்திரியோட ராத்திரியா கதவைச் சாத்தறதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

அதனால நான் கேக்கறது இதுதான். வரி ஆணை வெளியிடும்போதே, இந்தச் சரக்கு எந்த நாட்டுக்குத் திரும்பும், நம்ம ஆளுங்க யாரு சந்தையை இழப்பாங்கன்னு உங்க துறை போட்ட கணக்கையும் மக்கள் பாக்க வெளியிடுங்க. ஒப்பந்தத்துல எது எந்த நாட்டுப் பொருள்னு தீர்மானிக்கிற விதியை சின்ன கம்பெனியும் படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி எழுதுங்க, பேப்பர் வேலைக்கு பயந்தே சலுகையை விட்டுட்டு முழு வரி கட்டறவங்க நிறைய பேர். ஒப்பந்தத்துக்கு வெளியில நிக்கற சின்ன நாடுகளுக்கு அவகாசம் குடுங்க. முக்கியமா, தற்காலிகம்னு சொல்ற ஒவ்வொரு வரிக்கும் முடிவு தேதியை ஆணையிலயே போடுங்க. 1960கள்ல ஐரோப்பாவோட கோழிக்கறித் தகராறுக்குப் பதிலடியா சின்ன டிரக்குங்க மேல அமெரிக்கா போட்ட 25% வரி, அந்தத் தகராறு யாருக்கும் ஞாபகம் இல்லாத காலத்துலயும் அப்படியே நிக்குது, அதுக்கு முடிவு தேதி இல்லாததும் ஒரு காரணம்.

இப்படிக்கு,
உங்க ஆணைகளைத் தொடர்ந்து படிக்கற ஒரு குடிமகன்