சாப்பாட்டுக் காசை வீட்டுக்கு அனுப்பாதே

பிரபு கண்ணுக்கு,

நைனா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் உங்கம்மா வாங்கிக்கொள்கிறாள். மீதியை நீ "சரி நைனா, சரி நைனா" என்றே முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து படி.

இந்த மாதமும் ஏழாயிரம் ரூபாய் கூடுதலாக வந்தது. ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாய். கத்தாரில் உன் ரூமில் இருக்கிற பேரணாம்பட்டுப் பையன் லீவில் வந்தவன், போன வாரம் குடியாத்தம் வந்தபோது வீட்டுக்கும் வந்து போனான். அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் உண்மை தெரிந்தது. கம்பெனி சாப்பாட்டுக்குத் தருகிற 300 ரியாலையும் சேர்த்து அனுப்புகிறாயாம். ரூம்காரர்கள் போடும் மெஸ்ஸிலிருந்து விலகிவிட்டாயாம். காலையில் குபூஸ் ரொட்டியும் பால் விடாத சுலைமானி டீயும், மதியம் அதே குபூஸில் மிச்சம், ராத்திரி நூடுல்ஸ் பாக்கெட். அவன்மேல் கோபப்படாதே. உன்மேல் அக்கறை இருப்பதால்தான் சொன்னான்.

கண்ணு, அந்த 300 ரியாலைச் சம்பளமாக நினைக்கக்கூடாது. கத்தாரில் 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று சட்டம் வந்தபோதே, கம்பெனி சாப்பாடு போடவில்லை என்றால் மாதம் 300, தங்க இடம் தரவில்லை என்றால் 500 என்று தனியாக எழுதி வைத்தார்கள். ஏன் பிரித்து வைத்தார்கள்? மொத்தமாகக் கொடுத்தால் நம்மைப் போன்றவர்கள் வயிற்றைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது உன் உடம்புக்கான காசு. அதில் எனக்கோ அம்மாவுக்கோ பங்கு கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் நான் சவுதியில் ஜுபைலில் இருந்தேன் அல்லவா, அங்கே எங்கள் ரூமில் வாணியம்பாடிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்காகச் சேர்த்தவர். நாங்கள் முறை வைத்துச் சமைப்போம், அவர் சேரமாட்டார். குபூஸை பெப்சியில் தொட்டுத் தின்பார். தண்ணீருக்குப் பதிலும் பெப்சிதான். ஒரு ஆகஸ்ட் மாதம் சைட்டில் பைப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரால் வெயிலில் நிற்கவே முடியவில்லை. ஊர் திரும்பி மருந்து மாத்திரைக்குச் செலவழித்ததுதான் அதிகம். வளைகுடா வெயிலில் வேலை பார்த்துத் திரும்பிய நேபாளத்துப் பிள்ளைகள் பலர், இள வயதிலேயே சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வருகிறார்கள் என்று அங்கே டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வேலூர் வெயிலில் வளர்ந்தவன், எனக்கென்ன என்று நினைக்காதே. நம் ஊரில் உச்சி வெயிலில் வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம். அங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மதியம் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஃபோர்மேன் "இன்னும் பத்து நிமிஷம்" என்றாலும் இறங்கி வந்துவிடு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கடையில் லபன் என்கிற தயிர் பானம் கிடைக்கும். அதில் தண்ணீரும் உப்பும் கலந்தால் நம் மோர்தான். உடம்பு முடியவில்லை என்றால் ரெட் கிரசண்ட் நடத்தும் தொழிலாளர் மருத்துவ மையத்துக்குப் போ. ஹெல்த் கார்டு கையில் இருக்கட்டும்.

மெஸ்ஸில் மறுபடியும் சேர். நாலு பேர் சேர்ந்து சமைத்தால் செலவு குறையும், அதைவிட நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய விஷயம். மதியச் சோற்றை விடியலுக்கு முன்னால் கட்டிக்கொண்டு போவதால் கோடையில் சாம்பார், தேங்காய் போட்ட கூட்டு எல்லாம் கெட்டுவிடும். அந்த மாதங்களில் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டு, கூட அவித்த முட்டை இரண்டு. முட்டையை ஓட்டோடு எடுத்துப் போ, உரித்து வைக்காதே. மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் என்று பையன் சொன்னான். வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். தோஹாவில் இந்தியக் கடைகளில் கேழ்வரகு மாவு இருக்கிறதாம். களி கிண்டத் தெரியாதவன் இல்லையே நீ! ராத்திரி களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டால் மறுநாள் வேலைக்குத் தாங்கும்.

பையன் திரும்பி வரும்போது அவனிடம் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறோம். ஆயா வறுத்த வேர்க்கடலை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அம்மா அரைத்த மசாலாத் தூள். மசாலாவில் கசகசா போடவில்லை. வளைகுடாவில் கசகசாவுக்குத் தடை, அதைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆயா "கசகசா இல்லாமல் குருமா என்ன குருமா" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள். அதனால் ருசி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கேட்டாயாம். அது போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு வா, அம்மா எண்ணெய்க் கத்தரிக்காய் செய்துவைப்பாள்.

இன்னொன்று. உங்கள் ரூமில் ஆறு பேர், அடுக்குக் கட்டில் என்று கேள்விப்பட்டேன். ஒரு அறையில் நாலு பேருக்குமேல் கூடாது, அடுக்குக் கட்டில் கூடாது என்று அந்த ஊர் விதி. தனியாகப் போய்க் கேட்காதே. ஆறு பேரும் சேர்ந்து, கேம்பைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். மேல் தளம் போட்டு முடிக்க உனக்குத்தான் அவசரம், எங்களுக்கு இல்லை. மேஸ்திரியிடம் ஆவணிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். கீழ் வீட்டில் மூன்று பேருக்கு இடம் தாராளமாக இருக்கிறது. சொசைட்டிக் கடன் தவணையை என் தறிக் கூலியில் கட்டிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் 300 ரியாலைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பு. மறுபடியும் கூடுதலாக வந்தால் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து உன் பேரில் பேங்கில் போட்டுவிடுவேன், கட்டடத்துக்கு ஒரு ரூபாய் எடுக்கமாட்டேன். மெஸ்ஸில் சேர்ந்த அன்றைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி என்ன குழம்பு என்று சொல்.

அன்புடன்,
நைனா
குடியாத்தம்