ஜூன் 30-க்குள் செலவாக வேண்டிய பணம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது. உங்கள் கல்லூரியில் ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் உள்ளேயே ஒரு நிதி ஏற்படுத்தப் போகிறார்கள், விதிகளை எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது, அமெரிக்காவில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் கடிதம்.

இங்கே ஆசிரியர் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தப் பணத்தின் அருமை புரியும். பேராசிரியர் வேலை பெரும்பாலும் 9 மாத வேலை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மே நடுவில் முடிந்துவிடும். சம்பளத்தை 12 மாதத்துக்குப் பிரித்துத் தந்தாலும் ஒப்பந்தம் என்னவோ 9 மாதத்துக்குத்தான். கோடை மாதங்களுக்கு யாரும் தனியாகச் சம்பளம் தருவதில்லை. ஆனால் ஆராய்ச்சி ஓடுவதும், புத்தகம் எழுதப்படுவதும், பாடத்தைப் புதுப்பிப்பதும் அந்தக் கோடையில்தான். அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்து 'கிராண்ட்', அதாவது ஆராய்ச்சி நிதி, கிடைத்தால் அதிலிருந்து பொதுவாக ஆண்டுக்கு 2 மாதச் சம்பளம் வரை எடுத்துக்கொள்ளலாம். அது கிடைக்காதவர்களுக்கு, குறிப்பாக வரலாறு, மொழி, தத்துவம் படிப்பிக்கிறவர்களுக்கு, பல்கலைக்கழகம் தரும் கோடை நிதிதான் பெரும்பாலும் வழி.

இதில் புதிதாக வந்தவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கோடை நிதி 6,000 டாலர் என்று கடிதம் வரும். அந்த 6,000-க்குள் 'ஃப்ரிஞ்ச்' அடங்குமா, அடங்காதா என்று யாரும் கேட்பதில்லை. ஃப்ரிஞ்ச் என்றால் சம்பளத்தின் மேல் நிறுவனம் கட்டவேண்டிய மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்பு வரி முதலியவற்றின் பங்கு. அந்த விகிதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள். 6,000-ஐ 1.25-ஆல் வகுத்தால் 4,800. சம்பளமாக வருவது அதுதான். அதிலும் வருமான வரி பிடித்தபிறகே கைக்கு வரும். நீ எழுதும் விதிகளில் 'இந்தத் தொகை எதையெல்லாம் உள்ளடக்கியது' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒவ்வொரு வருஷமும் மனக்கசப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். முக்கியமான ஊற்று, வெளி கிராண்டுகளோடு வரும் 'ஓவர்ஹெட்'. கட்டடம், மின்சாரம், நூலகம், கணக்கு அலுவலகம் இவற்றுக்காக அரசு நிறுவனங்கள் நேரடிச் செலவுக்கு மேல் ஒரு சதவீதம் தருகின்றன. அது முழுத்தொகைக்கும் கணக்காகாது. ஒரு திட்டத்தின் நேரடிச் செலவு 1,00,000 டாலர், அதில் கருவி 20,000, மாணவர் கட்டணம் 10,000 என்று வை. இரண்டையும் கழித்தால் 70,000. விகிதம் 55 சதவீதமானால் ஓவர்ஹெட் 38,500. இந்தப் பணத்தில் ஒரு பங்கைத் துறைக்கும் கல்லூரிக்கும் ஆராய்ச்சி அலுவலகத்துக்கும் திருப்பித் தருவார்கள். அங்கிருந்துதான் உள்நிதி பிறக்கிறது. வேறு ஊற்றுகளும் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர், புற ஊதாக் கதிர் பட்டால் உணவில் வைட்டமின் டி கூடும் என்று கண்டுபிடித்தார். அந்தக் காப்புரிமையை நிர்வகிக்கவென்று 1925-இல் முன்னாள் மாணவர்கள் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கினார்கள். நூறாண்டு கழித்தும் அதன் வருமானம் அந்தப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஊற்று ஒன்றே ஒன்று என்றால் ஆபத்து. 2025 பிப்ரவரியில், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனம் ஓவர்ஹெட்டை 15 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்று அறிவித்தது. நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் அடுத்த ஆண்டு பட்ஜெட்டை எதை நம்பிப் போடுவது என்று நிர்வாகங்கள் திணறிப்போயின. உங்கள் நிதிக்கு நிர்வாகம் தரும் தொகை, முன்னாள் மாணவர் நன்கொடை, ஆலோசனைக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று இரண்டு மூன்று வழியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வேலையில் சேரும்போது தரும் 'ஸ்டார்ட்-அப்' தொகை. கருவி, கணினி, மாணவர் சம்பளம், பயணம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருவது. பலரும் தொகையைப் பற்றியே பேரம் பேசுகிறார்கள், காலக்கெடுவை விட்டுவிடுகிறார்கள். 3 ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஆய்வகத்தைப் புதுப்பிக்கவே ஓர் ஆண்டு ஓடிவிட்டால் கையில் இருப்பது 2 ஆண்டுதான். கெடு ஆய்வகம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடவேண்டும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கவேண்டும். பின்னால் டீன் மாறிவிட்டால் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

'சீட் கிராண்ட்', அதாவது புதிய ஆராய்ச்சியைத் தொடங்கிப் பார்க்கப் பல்கலைக்கழகம் தரும் விதைப்பணம், பற்றித்தான் நீ அதிகம் கேட்டிருக்கிறாய். சில ஆயிரம் டாலரிலிருந்து சில பத்தாயிரம் வரை இருக்கும். விண்ணப்பம் 3 முதல் 5 பக்கம். படிக்கிறவர்கள் வேறு துறைக்காரர்கள். வேதியியல் விண்ணப்பத்தை ஒரு சமூகவியல் ஆசிரியர் படிப்பார். முதல் அரைப் பக்கத்தில் 'இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது, இந்தப் பணத்தில் இதைச் செய்தால் அது தெரிந்துவிடும்' என்று சொல்லாத விண்ணப்பம் அங்கேயே தோற்றுவிடும். துறைச்சொற்களைக் கொட்டி எழுதினால் குழுவினர் ஒதுக்கிவிட மாட்டார்கள், பாவம், முயன்று படிப்பார்கள். ஆனால் மதிப்பெண் நடுவில் நின்றுவிடும். பணம் மேலே இருக்கும் சிலருக்குத்தான் வரும்.

இன்னொரு கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கும்: இந்த விதை முளைத்தால் அடுத்து எந்த நிறுவனத்துக்கு, எந்த மாதம் விண்ணப்பிக்கப் போகிறாய்? 'தகுந்த வெளி நிறுவனங்களை அணுகுவேன்' என்று எழுதுகிறவருக்குக் கிடைக்காது. திட்டத்தின் பெயர், கெடு, இந்த முன்னோட்டத்தில் கிடைக்கும் எந்த அட்டவணை அந்த விண்ணப்பத்துக்குள் போகும் என்பது வரை எழுதவேண்டும். இதை நான் நியாயமான கேள்வியாகவே பார்க்கிறேன், ஆனால் மொழித் துறைக்கும் கலைத் துறைக்கும் இதே கேள்வியை வைப்பது தவறு. அவர்களுக்கு விளைச்சல் ஒரு புத்தகம். படங்களுக்கு உரிமைக் கட்டணம், பொருட்சுட்டி தயாரிக்கக் கூலி, பதிப்பகத்துக்கு உதவித்தொகை என்று 2,000 டாலர் இருந்தால் வருஷக்கணக்கில் முடங்கிய புத்தகம் வெளியே வந்துவிடும். அவர்களுக்குத் தனிப் படிவம் வையுங்கள்.

பட்ஜெட் பக்கத்தை ஒருமுறை கிட்டத்தில் பார். 'மாணவர் உதவியாளர்: 3,000' என்று உருட்டி எழுதினால் குழு நம்பாது. வாரம் 10 மணி நேரம், 15 வாரம், மணிக்கு 15 டாலர், மொத்தம் 2,250 என்று எழுதினால் நம்பும். ஒலிப்பதிவை எழுத்தாக்குவதென்றால், ஒரு மணி நேரப் பேச்சுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று ஒரு பதிவை நீயே செய்துபார்த்து, அந்தக் கணக்கையும் போடு. வெளிநாட்டு மாணவர் என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று விசா விதி. அவர் ஏற்கெனவே 20 மணி நேரம் ஆய்வக உதவியாளராக இருந்தால் உன் திட்டத்தில் சேர்க்க முடியாது. இதைப் பணம் வந்தபிறகு கண்டுபிடிக்கிறவர்கள் நிறைய.

மனிதர்களிடம் தரவு திரட்டினால் நெறிமுறைக் குழு, அதாவது ஐ.ஆர்.பி., ஒப்புதல் தராமல் பல இடங்களில் கணக்கு எண்ணே திறக்கமாட்டார்கள். ஓர் ஆண்டு நிதியில் இந்த ஒப்புதலுக்கே சில மாதம் போய்விடலாம். ஆகவே முடிவு வரும்வரை காத்திராமல், விண்ணப்பம் போட்ட வாரமே ஐ.ஆர்.பி. படிவத்தையும் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். சொந்த வகுப்பு மாணவர்களிடம் ஆய்வு செய்தால், யார் சம்மதித்தார்கள் என்பது மதிப்பெண் கொடுத்து முடிக்கும்வரை ஆசிரியருக்குத் தெரியக்கூடாது. சம்மதப் படிவத்தை வேறொருவர் வாங்கி உறையில் பூட்டி வைப்பார். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்.

தம்பி, எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாடவிலக்கு. ஒரு பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து, அந்த நேரத்தை ஆராய்ச்சிக்குத் தருவது. பெருந்தொகை ஒன்றும் ஆகாது. அந்தப் பாடத்தை எடுக்க வரும் தற்காலிக ஆசிரியரின் ஊதியத்தைத் துறைக்குக் கொடுத்தால் போதும். எழுதுகிறவருக்கு ஒரு பருவத்தின் காலைப்பொழுதுகள் கிடைத்தால் அதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. ஆனால் இதில்தான் தேதிகள் மோதிக்கொள்கின்றன. நிதி முடிவு ஏப்ரலில் வரும். ஆகஸ்ட் பருவத்துக்கான பாட அட்டவணையோ பிப்ரவரியிலேயே போட்டாகிவிடும். துறைத்தலைவர் ஒப்புக்கொண்டாலும் மாற்று ஆள் அகப்படமாட்டார். கடைசியில் விலக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார்கள், நிதியோ இந்த ஆண்டோடு காலாவதியாகும். ஆகவே முடிவைச் சொல்லும் தேதி அட்டவணை போடும் தேதிக்கு முன்னால் வரும்படி உங்கள் நாட்காட்டியைப் பின்னாலிருந்து முன்னாகக் கணக்கிட்டு வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் நிதி உருப்படும்.

கற்பித்தலுக்கான நிதி இதைவிடச் சிறியது, ஓராயிரம் முதல் ஐயாயிரம் டாலர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-இல் கற்பித்தலுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட மையங்கள் இப்போது பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. பணத்தோடு ஓர் ஆலோசகரையும் தருவார்கள், அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். விலை உயர்ந்த பாடப்புத்தகத்துக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைத் தொகுப்பது, ஆய்வகப் பயிற்சிகளைத் திருத்தி எழுதுவது, கேள்வி வங்கி தயாரிப்பது எல்லாம் நன்றாகப் பலன் தந்தவை. கருவி வாங்கிக் குவிக்கும் விண்ணப்பங்கள் அப்படி இல்லை. அடுத்த ஆண்டு அதைப் பழுதுபார்க்க யாரிடம் பணம் இருக்கிறது என்று எவரும் எழுதியிருக்கமாட்டார்கள். பாடத்தை மாற்றுவதற்கு முந்தைய பருவத்திலேயே, எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று குறித்து வைக்கவில்லை என்றால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

பயணப்பணத்தில் ரசீதுதான் எல்லாம். வரித்துறை வழிகாட்டலின்படி செலவழித்து 60 நாளுக்குள் கணக்குக் கொடுப்பது, மிஞ்சிய முன்பணத்தை 120 நாளுக்குள் திருப்புவது என்பது நடைமுறை. கெடு தாண்டினால் அந்தத் தொகை சம்பளமாகக் கருதப்பட்டு வரி விழலாம். விடுதி ரசீதில் பெயரும் தேதியும் பணம் செலுத்தியாகிவிட்டது என்ற குறிப்பும் இருக்கவேண்டும். முன்பதிவு உறுதிச்சீட்டு ரசீது ஆகாது.

ஒரு கிராண்ட் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஆய்வகம் பட்டினி கிடக்காமல் இருக்க 'பிரிட்ஜ்' நிதி தருகிறார்கள். 6 மாதமோ 12 மாதமோ மாணவர் சம்பளத்துக்கு. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் மதிப்பீட்டுக் குறிப்புகளையும், திருத்தி அனுப்பப்போகும் தேதியையும் காட்டவேண்டும். கணக்கு வறண்டபிறகு கேட்டால் பயனில்லை. அரை ஆண்டு முன்பே கேட்கவேண்டும்.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உள்நிதி இன்னொரு வகையில் உதவி. சில வெளி நிதிகள் குடியுரிமை கேட்கும். உள்நிதிக்குப் பெரும்பாலும் இங்கே வேலையில் இருந்தாலே போதும். முதல் கதவு அதுவாகத்தான் திறக்கிறது.

கடைசியாக, ஜூன் 30. பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் நிதியாண்டு அன்று முடியும். மிச்சப் பணம் திரும்பிப் போய்விடும். ஜூன் 20-இல் ஆர்டர் கொடுத்த கருவி ஜூலை 5-இல் வந்தால், பல இடங்களில் அது புதிய ஆண்டுச் செலவு. அந்தக் கணக்கில் அப்போது பணம் இருக்காது. விவரம் தெரிந்த துறைக் கணக்கர்கள் ஏப்ரல் முடிவுக்குள் பெரிய கொள்முதலை முடிக்கச் சொல்வார்கள். மே, ஜூனில் தேவையில்லாத பொருளாக வாங்கித் தள்ளுவதும் நடக்கிறது. பார்க்கவே வேதனையாக இருக்கும். கேட்டால் ஒருமுறை 6 மாதம் நீட்டிப்பு தரலாம் என்று விதியிலேயே எழுதிவிடு. அறிக்கை 2 பக்கம் போதும், அதில் செய்ய முடியாமல் போனதற்கும் ஓர் இடம் ஒதுக்கு. முந்தைய அறிக்கை தராதவருக்கு அடுத்த நிதி கிடையாது என்பதில் மட்டும் தளர்வு வேண்டாம்.

உன் வரைவை அனுப்பு. நாட்காட்டியையும் பட்ஜெட் படிவத்தையும்தான் முதலில் பார்ப்பேன், அவை இரண்டும் தயாராகாவிட்டால் மற்றதை அனுப்ப அவசரப்படாதே. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் யார் யார் என்பதையும் எழுது. விண்ணப்பித்தவர்களின் துறைத்தலைவர்கள் அதில் இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
அக்கா