நாலு கம்பிக்கு எவ்வளவு பெரிய பெட்டி?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், சிரிப்பில் பேனா நகரவில்லை. "நாலு கம்பி தட்டுகிறவனுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய பெட்டி?" என்று முணுமுணுத்துக்கொண்டே என் ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட்டின் மறுபக்கத்தைப் பிடித்துப் படியேறியவன் நீ. மாடித் திருப்பத்தில் கை நழுவவிட்டு அதன் மூலையை உடைத்தவனும் நீதான். இப்போது புதுக் குழுவில் கிட்டார்காரர்கள் மூன்று பேர், அடிக்குரல் தரும் நாலு தந்திப் பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லை, சீட்டுக் குலுக்கியதில் உன் பெயர் வந்துவிட்டது என்கிறாய். எந்த ஸ்பீக்கர், எந்தப் பெட்டி என்று என்னிடமே கேட்கிறாய். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் போலிருக்கிறது.

முதலில் என் சேதி. நாம் தூக்கிச் சுமந்த அந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டியை விற்றுவிட்டேன். போன வருடம் முதுகில் டிஸ்க் விலகி மூன்று வாரம் படுக்கை. "இனிமேல் கனமானது எதையும் தூக்காதீர்கள்" என்று டாக்டர் சொன்னபோது என் கண் முன்னால் வந்து நின்றது அந்தப் பெட்டிதான். 60 கிலோவுக்கு மேல். வாங்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒற்றை ஆளாகச் சாய்த்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்விட்டான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதில்தான் உன் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. ஆம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்விடி என்ற 300 வாட்ஸ் வால்வு ஆம்பை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை, கொண்டுவந்தபோது கூடவே வந்த வடிவம் அது. 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு, துளையே இல்லாமல் மூடிய பெட்டி. அன்றைய ஸ்பீக்கர்கள் தாங்கும் சக்தி குறைவு, அவ்வளவு வாட்ஸைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் பலம் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் 300 வாட்ஸைத் தாங்குகிறது. அப்படியிருந்தும் அந்தப் பெட்டியை ஜனங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதன் உயரம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேல் வரிசை ஸ்பீக்கர் கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்தில் இருக்கும். வாசிக்கிறவனுக்குத் தான் வாசிப்பது தெளிவாகக் கேட்கும். தரையோடு தரையாக ஒரு பெட்டியை வைத்து அதை ஒட்டி நின்றுகொண்டு, "கேட்கவே இல்லை, கேட்கவே இல்லை" என்று வால்யூமை ஏற்றுகிறவர்களை எத்தனை மேடையில் பார்த்திருக்கிறோம்! சத்தம் முழுக்க முழங்காலுக்குப் போகிறது. முழங்காலுக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்?

சரி, நீ கேட்டது 15 அங்குலம். "பேஸ் என்றால் 15தானே" என்று எழுதியிருக்கிறாய். அந்த எண்ணத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரெசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டாரை விற்கத் தொடங்கி, அடுத்த வருடம் அதற்கென்று பேஸ்மேன் ஆம்பைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது ஒற்றை 15தான். ஆனால் 1950களின் நடுவிலேயே அதைத் தூக்கிவிட்டு நாலு 10 வைத்துவிட்டார்கள். அப்புறம் அந்த ஆம்பை உங்கள் கிட்டார் கூட்டம் கவர்ந்துகொண்டு போனது தனிக் கதை, அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

அளவு மட்டும் எதையும் சொல்லாது. உன் ஈ தந்தியைச் சும்மா தட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. ஐந்து தந்தி பேஸில் வரும் கீழ் பி தந்தி 31. ஒரு ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்தைக் கொடுக்க ஸ்பீக்கரின் முகத்தில் ஆடும் கூம்பான கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். எனவே நீ பார்க்க வேண்டியது, கோன்களின் மொத்தப் பரப்பு எவ்வளவு, அவை எவ்வளவு தூரம் நகர முடியும் என்ற இரண்டையும்தான். 15 அங்குல ஸ்பீக்கரின் கோன் பரப்பு ஏறக்குறைய 850 சதுர செ.மீ. 10 அங்குலத்துக்கு 350, 12க்கு 530 என்று வைத்துக்கொள். நாலு 10 சேர்ந்தால் 1400 ஆகிவிடுகிறது. அதாவது சின்னது என்று நீ நினைக்கிற 10, நாலு பேராகச் சேர்ந்தால் ஒற்றை 15ஐ விட அதிகக் காற்றைத் தள்ளும். "15 கொழகொழ என்று இருக்கும், 10 சுறுசுறுப்பாக இருக்கும்" என்று சொல்வதையும் அப்படியே நம்பாதே. கொழகொழ 15உம் கேட்டிருக்கிறேன், கணீரென்று பேசும் 15உம் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கரும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வடிவமைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

அந்தப் பெட்டிக் கணக்கில் இன்னொரு கசப்பான சட்டம் உண்டு. கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான ஹோஃப்மன் சொன்னது. சின்னப் பெட்டி, ஆழமான அடிக்குரல், குறைந்த சக்தியில் நிறைய சத்தம். இந்த மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவது கிடைக்காது. "கையடக்கப் பெட்டி, பூமி அதிரும் பேஸ், காது கிழியும் சத்தம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

நல்ல வேளையாக நம் காது ஏமாளி. பெரும்பாலான பேஸ் பெட்டிகள் 41 ஹெர்ட்ஸை முழு பலத்தோடு தருவதே இல்லை. அதன் மடங்குகளாக மேலே வரும் 82, 123 என்ற துணை ஒலிகளை, அதாவது ஹார்மோனிக்ஸைக், கேட்டு, கீழ் ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. குழுவோடு வாசிக்கும்போது நீ வாசிப்பது மற்றவர்களுக்குப் புரிவது 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியால்தான். தனியாக அறையில் உட்கார்ந்து பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவைக் குழித்து வைத்தால் தேவலோகம் போல இருக்கும். டிரம்ஸும் உன் மூன்று கிட்டார்காரர்களும் ஆரம்பித்த மறுநொடி நீ காணாமல் போய்விடுவாய். அதனால் பெட்டியைத் தனியாக வாசித்துப் பார்த்து வாங்காதே. முடிந்தால் ஒரு ஒத்திகைக்குக் கொண்டுபோய், எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது கேள்.

வாட்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஐந்து தந்தி பேஸ் ஒன்றை இரவல் வாங்கி, என்னிடம் இருந்த துளை வைத்த பெட்டியில் வாசித்தேன். ஸ்பீக்கரில் 400 வாட்ஸ் என்று எழுதியிருந்தது, என் ஆம்ப் 300. பயமே இல்லாமல் பேஸ் குமிழைக் கடைசி வரை திருகினேன். பி தந்தியில் நாலைந்து அடி அடித்ததும் 'டக், டக்' என்று மரத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம். நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. பாட்டு முடிவதற்குள் சத்தம் கரகரத்து, எரிந்த வார்னிஷ் வாசனை வந்தது. ஸ்பீக்கரைக் கழற்றி, இரண்டு கட்டைவிரலாலும் கோனை இருபக்கமும் சமமாக மெல்ல அழுத்தினேன். உள்ளே கோனை ஆட்டும் கம்பிச் சுருள் உரசும் 'சர்ர்' கேட்டது. கதை முடிந்தது. பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸ், அந்தச் சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். துளை எந்த ஸ்வரத்துக்கு அமைக்கப்பட்டதோ, அதற்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை, அது தன் எல்லையைத் தாண்டி ஆடுகிறது. பாதி வாட்ஸிலேயே செத்துப்போகும். அன்றிலிருந்து ஆம்புக்கு முன்னால் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் வைத்திருக்கிறேன். 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை வெட்டிவிடும். சத்தத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை, ஸ்பீக்கர் பிழைத்துக்கிடக்கிறது.

இதே காரணத்துக்காக, உன் பழைய கிட்டார் கேபினெட்டில் பேஸைச் செருகிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடு. கிட்டார் ஸ்பீக்கரின் கோன் அவ்வளவு தூரம் நகர்வதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

நீ வாங்கிய ஆம்ப் 4 ஓமில் 500 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறாய். ஓம் என்பது பெட்டியின் மின்தடை, அது குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். 8 ஓம் பெட்டி ஒன்றை மாட்டினால் சுமார் 300 வரும். அதே மாதிரி 8 ஓம் பெட்டி இரண்டை மாட்டினால் 4 ஓம் ஆகி முழு 500உம் வரும். மூன்றாவதை மாட்டினால் 2.67 ஓம், அங்கேதான் ஆம்ப் சூடாகி நின்றுபோகும். வாங்கும்போதே 4 ஓம் பெட்டியாக வாங்கிவிட்டால் பின்னால் இன்னொன்றைச் சேர்க்க வழியில்லாமல் போகும் என்பதால், 8 ஓமே வாங்கு. ஸ்பீக்கர் வயரையும் தனியாக வாங்கிக்கொள், கிட்டாருக்குப் போடும் மெல்லிய வயர் இதற்கு ஆகாது.

இப்போது என் யோசனை. 12 அங்குலம் ஒன்று வைத்த, 8 ஓம் பெட்டி. எடை குறைந்த நியோடிமியம் காந்தம் போட்டது. சத்தம் தேனாக இருக்கும் என்பதற்காக இல்லை, உன் முதுகுக்காக. ஆறு மாதம் அதோடு வாசி. போதவில்லை என்றால் அதே பெட்டியை, அச்சு அசலாக அதே மாடலை, இன்னொன்று வாங்கு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். அதே பெட்டி இரண்டாவதாகச் சேர்ந்தால் 6 வரை போகும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வை, பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம். பக்கவாட்டில் வைத்தால் நேரெதிரே நிற்பவனுக்கு ஒரு சத்தம், ஓரத்தில் நிற்பவனுக்கு வேறு சத்தம். மேலே மேலே வைத்தால் மேல் பெட்டி உன் காதுக்கும் கிட்டே வரும், என் பழைய பெட்டி போல. 15 ஒன்றும் நாலு 10உம் கலந்து வாங்கினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். இரண்டும் 8 ஓம் என்றால் இரண்டுக்கும் சரிபாதி சக்தி போகும். ஒற்றை 15 தன் எல்லையைத் தொடும்போது நாலு 10 அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்.

பின்சுவரையும் கவனி. ஸ்பீக்கரிலிருந்து சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் அலையோடு மோதி அதைத் தின்றுவிடும். உன் டி தந்தியில் மூன்றாவது கட்டம் அது. "அந்த ஒரு நோட்டு மட்டும் செத்துப்போகிறதே" என்று பேஸைக் கழற்றிப் பார்க்காதே, பெட்டியைச் சுவரோடு தள்ளிப் பார். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இருந்தால் அதன் குமிழைப் பாதிக்குக் கீழேயே வைத்துக்கொள், அது முழுக்க விரல் உரசும் சத்தமும் இரைச்சலும்தான்.

இரண்டாவது பெட்டியை நான் வாங்கிய கதையைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. என்னிடம் இருந்த அதே மாடல் பழையது ஒன்று கிடைத்தது. தனியாக வாசித்தால் பிரமாதம். இரண்டையும் சேர்த்து மாட்டினேன், சத்தம் கூடுவதற்குப் பதிலாக அடிக்குரல் அப்படியே காணாமல் போய்விட்டது. தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. ஆம்பைச் சந்தேகப்பட்டேன், வயரை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் ஸ்பீக்கர் வயரின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தேன். பிளஸ் பிளக்கின் நுனியிலும் மைனஸ் அதன் தண்டிலும் படும்படி. முதல் பெட்டியின் கோன் 'டப்' என்று வெளியே குதித்தது. இரண்டாவதில் உள்ளே போனது. யாரோ எப்போதோ ரிப்பேர் செய்தபோது உள்ளே இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. திறந்து மாற்றியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பழையது வாங்கப் போனால் பையில் ஒரு பேட்டரி இருக்கட்டும்.

என் வலது காதில் இப்போது ஓயாமல் ஒரு விசில். டிரம்ஸின் சிம்பல் பக்கத்திலேயே நின்றதன் கூலி. நீ காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு வாசி, கூச்சப்படாதே. ஒத்திகை முடிந்ததும் எப்படி இருந்தது என்று எழுது. குறிப்பாக அந்த மூன்று கிட்டார்காரர்கள் உன்னைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பேஸ்காரன்

பி.கு.: பெட்டி வாங்க வந்த பையன் அந்த உடைந்த மூலையைத் தடவிப் பார்த்து, "இது எப்படி சார் ஆச்சு?" என்றான். "ஒரு கிட்டார்காரன் கைவரிசை" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான், மேலே எதுவும் கேட்கவில்லை.